உச்சிமாகாளியின் கண் பரிசோதனை

உச்சிமாகாளிக்கு டை கட்டத் தெரியாது. யாரோ ஒருமுறை கட்டிக் கொடுத்த முடிச்சை அவிழ்க்காமல் ஆணியில் மாட்டி வைத்திருப்பான். காலையில் அதைத் தலை வழியாக இழுத்துப் போட்டுக்கொண்டால் அவன் எச்.ஆர். அதிகாரி. ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு முதன்முதலில் அப்படித்தான் வந்தான். மே மாத வெயிலில், கழுத்தை இறுக்கிக்கொண்டு, வேர்த்து ஒழுக.

"அண்ணாச்சி, நம்ம கம்பெனிக்கு ஒரு லெட்டர்ஹெட் போடணும்."

"கம்பெனி பேர் என்ன?"

வெளியே போன டிரெய்லர் லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "உச்சி குளோபல் மேன்பவர்னு போடுங்க."

அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் போட்டுக் கொடுத்தேன். அவனைப் பற்றி நான் கேவலமாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஊர். டிப்ளமோ முடித்து, கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் சேர்ந்து, ஒன்பது வருடம் அசெம்பிளி லைனில் நின்றவன். நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்று ஏழு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புது டோக்கன் நம்பரில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு திங்கட்கிழமை கேட்டில் கார்டைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. அவனுக்கு மட்டுமல்ல, முந்நூறு பேருக்கு. ஆர்டர் இல்லை என்று லைனையே மூடிவிட்டார்கள். சிலர் ஊருக்கு பஸ் ஏறினார்கள், சிலர் சாப்பாடு டெலிவரிக்குப் போனார்கள், சிலர் சித்தாள் வேலைக்கு. உச்சிமாகாளி மட்டும் அறையில் மல்லாந்து படுத்து யோசித்தான். தனக்கு மூளை இருக்கிறதோ என்று ரொம்ப நாளாகவே அவனுக்கு ஒரு சந்தேகம்.

யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான். வேலை போனவன் கையில் காசு இருக்காது; ஆனால் வேலை தருகிறேன் என்றால் எங்காவது கைமாற்று வாங்கி முந்நூறு ரூபாய் கொண்டுவருவான். மூவாயிரம் கேட்டால் போலீசுக்குப் போவான், முந்நூறுக்குப் போகமாட்டான். ஒன்பது வருடம் லைனில் நின்று அவன் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான்.

கூட்டுக்கு செங்கமலத்தைப் பிடித்தான். மண்ணூர்க்காரி, வயது நாற்பத்தைந்து. அதே கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவியவள். லைன் மூடியதும் கேன்டீனும் மூடியது. அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவளிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. இவனுக்கு வண்டி ஓட்டப் பயம். குளோபல் கம்பெனியின் எச்.ஆர்., ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு பின்சீட்டில் குந்திப் போவார்.

"கெட்டியா புட்ச்சிக்கோபா. காயிதம் பறந்துச்சின்னா நான் வண்டிய நிறுத்த மாட்டேன்" என்பாள் அவள்.

லேடீஸ் ஹாஸ்டல், ஒரு அறையில் எட்டுப் பேர் தங்கும் வாடகை வீடு என்று போய் இறங்குவார்கள். செங்கமலம் வெள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு வராத டாக்டரம்மாவுக்கு உதவியாள் ஆகிவிடுவாள். கண் பரிசோதனை செய்யும் எழுத்து அட்டையைச் சுவரில் ஒட்டி, கேன்டீன் கரண்டியால் ஒரு கண்ணை மூடச் சொல்லிப் படிக்க வைப்பாள். அட்டையும் என் கடை பிரிண்ட்தான். எல்லோரும் பாஸ். 'மெடிக்கல் ஃபீஸ்' வாங்கிக்கொண்டு ஒரு லெட்டர் கொடுப்பார்கள். "பணியில் சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று அதில் இருக்கும்.

"நாம யாரை ஏமாத்துதோம் அண்ணாச்சி? அதுகளுக்கு ஒரு நம்பிக்கை குடுக்கோம்லா" என்பான் என்னிடம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு அதைவிட மலிவு என்று எனக்கு வாய்வரை வரும். லெட்டருக்கு ஐம்பது காப்பி போட்டுக் கொடுப்பேன்.

பென்னலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு பெண்கள் தங்கியிருந்த அறை. நாலாவதாக வந்தவள் கவியா, தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. இடது கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று படித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டும் அதே வேகத்தில் கடகடவென்று படித்தாள். செங்கமலத்துக்கு என்ன தோன்றியதோ, "இன்னொரு தபா படிம்மா" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினாள்.

கவியா வலது கண்ணிலிருந்து கரண்டியை எடுக்காமலே மறுபடியும் மேலிருந்து கீழே, ஒரு எழுத்து மாறாமல் அதே வரிசையில் ஒப்பித்தாள்.

மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். உச்சிமாகாளிக்கு வந்ததே கோபம்! "ஏமாத்துதியா? ஒரு கம்பெனியவே ஏமாத்தப் பாக்கியா? மனசாட்சி வேண்டாமா?" என்று கத்தினான். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. செங்கமலம் என் கடையில் உட்கார்ந்து, அவன் குரலிலேயே பேசிக் காட்டினாள்.

"நீ கம்முனு இரு" என்று அவனை அடக்கிவிட்டு, அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "எத்தினி நாளா தெரில?"

"மூணு மாசமா. கிரைண்டிங்ல பொறி தெறிச்சிட்டு. சூப்பர்வைசர்ட்ட சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாவன்னு சொல்லல. பெறவு எப்படியும் எடுத்துட்டாவ."

செங்கமலம் கோட்டைக் கழற்றினாள். கவியாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராகச் சென்னைக்கு, பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டாள். எச்.ஆர் பென்னலூர் ரோட்டில் ஃபைலோடு நின்று ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார். கண்ணுக்குள் ஓர் இரும்புத் துகள் இருந்ததாம். எடுத்தார்கள். பாதிப் பார்வை திரும்பியது. இன்னும் விட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்றார்களாம்.

இதில் உச்சிமாகாளி செய்தது ஒன்றுமே இல்லை. ஆனால் அடுத்த வாரமே ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய், "நம்ம மெடிக்கல்லதான் ஒரு புள்ளைக்கு கண்ணே தப்பிச்சது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். கூட்டம் இரண்டு மடங்கு. லெட்டர்ஹெட்டில் ஒரு கண் படம் போடச் சொல்லி என்னிடம் வந்தான். போட்டேன்.

அந்தப் பெயர் பிள்ளைப்பாக்கம் நடேசன் காதுவரை போனது. நிலத்தை விற்று லேபர் காண்டிராக்டர் ஆனவர் அவர். வெள்ளைக் கார், ஏசி ஆபீஸ், சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ். "உன் லிஸ்ட்ல நெறைய பேரு கீறாங்களாமே, இட்டுகினு வா" என்று கூப்பிட்டு அனுப்பி, ஃபீல்டு ஆபீசர் என்று மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

உச்சிமாகாளி கண் கலங்கி என் கடைக்கு வந்தான். "அண்ணாச்சி, இனிமே நமக்குப் போலி லெட்டர் வேண்டாம். எல்லாம் ஒரிஜினல்."

பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி செங்கமலம் நின்றாள். "வேணாம் காளி. நம்மகிட்ட இல்லாதது அந்தாளுகிட்ட இன்னா கீது? ஏசி. அவ்ளோதான்."

"எக்கா, அவருக்கு லைசென்ஸ் இருக்கு."

"அதான்பா பயமா கீது."

அவன் கேட்கவில்லை. அவள் இன்னொரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவப் போய்விட்டாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாலு மாதம் அவன் ஒழுங்காக இருந்தான். பழைய முந்நூறு ரூபாய்க்காரர்களில் தொண்ணூறு பேரைத் தேடிப் பிடித்து நிஜமாகவே வேலையில் சேர்த்தான். காலை ஆறு மணி ஷிப்டுக்கு கேட்டில் போய் நிற்பான். ஓவர்டைம் காசு விட்டுப்போனால் சூப்பர்வைசரிடம் சண்டை போடுவான். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை எடுத்தான் என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் மாதம் நடேசன் ஆபீசுக்கு ஷட்டர் இறங்கியது. இரண்டு மாதச் சம்பளம், பிடித்து வைத்திருந்த பி.எஃப்., வெள்ளைக் கார், எல்லாம் மாயம். காண்டிராக்டருக்குக் கொடுத்தாயிற்று, உங்களை எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி கையை விரித்தது. தொழிலாளிகளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். என் கடை வாசலில் வைத்து முப்பது பேர் அவனைப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. உதடு கிழிந்தது.

"நான் ஏமாத்தலய்யா! சத்தியமா இந்தத் தடவ ஏமாத்தல!" என்று அலறினான்.

கூட்டத்தில் ஒருவன் கையை நிறுத்தினான். "அப்ப எந்தத் தடவ?"

அதோடு எல்லாம் வெளியே வந்தது. கரண்டி, கோட்டு, முந்நூறு ரூபாய், பின்னர் அறிவிக்கப்படும் தேதி. உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தக் கூட எனக்குத் தோன்றவில்லை. போலீஸ் வந்து கூட்டிப்போனது. பதினாறு நாள் உள்ளே இருந்தான். கேட்டவரிடமெல்லாம் அந்தக் கண் பரிசோதனைக் கதையைச் சொன்னானாம், யாரும் நம்பவில்லையாம்.

நடேசன் மேல் போட்ட புகார் தொழிலாளர் அலுவலகத்தில் எட்டு மாதமாக நடக்கிறது. தொண்ணூறு பேரில் பாதி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு லீவு கிடைப்பதில்லை. ஒரு வாய்தா விடாமல் வருகிறவன் உச்சிமாகாளி ஒருவன்தான். தொழிலாளிகள் அவனோடு பேசுவதில்லை. ஆனால் யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பதால் வரவேண்டாம் என்று சொல்வதுமில்லை.

போன மாதம், நான் அடித்துக் கொடுத்த லெட்டர்களைப் பற்றிச் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதிய அதிகாரி நிமிராமலே கேட்டார்: "தொழில்?"

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"லைன் ஆபரேட்டர் சார்" என்றான். "இப்ப வேலை இல்ல."

அடுத்த வாய்தா வருகிற புதன்கிழமை. நடேசன் அன்றும் வரமாட்டார். இவன் வருவான்.