நான் கீறிய சட்டை அளவு

கப்பல் ஊதுகிறது. நான் குடியேறிய பேர்கன் நகரத்தில் அதற்கு ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை. என் தோள்கள் மட்டும் இன்றைக்கும் ஒடுங்குகின்றன. யுத்த காலத் திருகோணமலையில் ஊதல் கேட்டால் ஆமிக்காரர் கப்பலேறும் நாள். சந்திகளை எல்லாம் மறித்து மூடிவிடுவார்கள். இங்கே அது பயணிகள் படகு. ஆனாலும் இந்த ஊதல் எனக்குப் பயத்தைவிட வெட்கத்தையே அதிகம் கொண்டுவருகிறது.

யுத்தம் அங்கே நடந்துகொண்டிருந்தபோது, இங்கே எனக்கு நடுவயதில் புதுத்தொழில் பழக்கினார்கள்: கணினியில் வெக்டர் படம் கீறும் மென்பொருள். ஒரு புள்ளி வைத்து, இன்னொன்று வைத்து, விரலை விடாமல் இழுத்தால் நடுக்கோடு வளையவேண்டும். எனக்கோ அது அடிபட்ட பாம்பாய்ப் புரண்டது. பிறந்த இடத்தைக் கீறச் சொன்னாள் ஆசிரியை இங்க்ரிட். எங்கள் துறைமுகத்தைக் கீறினேன். எது குடா, எது நிலம் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை.

இந்த ஊரில் துறைமுகப் படத்தைத் தேநீர்க் கோப்பையிலும் அச்சடித்து விற்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலோ கடலோடு சூரியன் கீறலாம், தென்னை கீறலாம். கரையின் வளைவைக் கீறினால் சித்திர ரீச்சர் தாளைக் கிழித்துவிடுவா. அந்தப் படம் கையில் அகப்பட்டாலே, வேவு பார்த்ததென்று ஆமிக்காரர் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். இவ்வளவும் தெரிந்த நான் அதை ஊரிலிருந்த அக்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், பிரின்ற் எடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்லி. அக்கா தையல் தைத்துப் பிழைப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, நீ அனுப்பின சட்டை அளவு கிடைச்சுது."

"என்ன சட்டை? அது எங்கடை..."

"சட்டை அளவு!" குரல் வெட்டியது. "பிரின்ற் எடுத்துக்கொண்டு வரேக்கை ஆமிச் சோதினையிலை பையைத் திறந்தவங்கள். ஒருத்தன் விரிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன். தம்பி வெளிநாட்டிலை தையல் படிக்கிறான், பிளவுஸ் வெட்டுற அளவு எண்டு நான் சொன்னன். கழுத்து கோணல் எண்டு சிரிச்சுப்போட்டு விட்டவன்."

துறைமுகம் என்ற சொல் அவள் வாயில் வரவேயில்லை. யாரும் ஒட்டுக்கேட்கலாம் என்பதையும் நான் மறந்திருந்தேன்.

"நான் யோசிக்கேல்லை, அக்கா."

"ஓம், அங்கை யோசிக்கத் தேவையில்லைத்தானே. அதை அடுப்பிலை வைச்சு எரிச்சிட்டன். நல்லகாலம், உனக்குக் கீறத் தெரியாது."

என் கோணல் கைதான் அவளைக் காப்பாற்றியது. கொஞ்சம் திருத்தமாக இழுத்திருந்தால்?

மறுநாள் வகுப்பில் படம் முழுவதையும் அழித்தேன். கை தவறிவிட்டதென்று நினைத்த இங்க்ரிட், இதில் ஒன்றும் தொலையாது என்று சிரித்தபடி இரண்டு விசைகளைத் தட்டினாள். குடாவும் முனையும் அப்படியே திரும்பி வந்தன. என் கண்ணைப் பார்த்துவிட்டு, ஊர் நினைவா என்று தோளைத் தொட்டாள். ஓமென்று தலையாட்டினேன். வெட்கத்தோடு அந்தப் பொய்யும் சேர்ந்து சுட்டது. திரையில் என் ஊர், வெளியே இவர்களுடைய கப்பலின் ஊதல், காதுக்குள் முந்தினநாள் போனை வைக்குமுன் அக்கா சொன்னது:

"வடிவாய்க் கீறப் பழகு, தம்பி. ஊரை மட்டும் கீறாதை. வைக்கிறன்."