மூன்று மீட்டர் குறைவு

கொட்டகைச் சுவரில் துளை போட்டு இழுத்துப் பார்த்தால், இன்டர்நெட் கேபிள் அப்பாவின் மேசைக்கு மூன்று மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது.

"நாப்பது மீட்டர்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மகள்.

"எட்டு வெச்சு அளந்தேன். தரையிலதானே நடந்தேன், சுவர்ல ஏறலையே!"

வீட்டில் மோடம் இருந்தது கதவு நிலைக்கு மேலே. அங்கிருந்து கேபிள் இறங்கி, மண்ணுக்குள் ஓடி, கொட்டகையில் மறுபடி ஏற வேண்டும். இதே வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவள் அவள். வெளியே யார் சொன்ன அளவையும் நம்பமாட்டாள். அப்பா சொன்னதை மட்டும் அப்படியே வாங்கி வந்துவிட்டாள்.

"பரவாயில்லப்பா. பையில துண்டுக் கேபிள் இருக்கு, ஜாயின்டரும் இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

"ஒட்டுப் போடுறதா? என் கொட்டகையிலயா?"

பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர் அவர். தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம். ஓய்வுக்குப் பிறகு இந்தத் தகரக் கொட்டகையில். நானூறு சுற்றில் முந்நூற்றுத் தொண்ணூறாவதில் கம்பி அறுந்தாலும், எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்குவார். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'ஒத்தைக்கம்பி'. சுற்றும்போது வாய்விட்டு எண்ணுவார். யாராவது குறுக்கே பேசினால் ஒரு விரலைத் தூக்குவார். அந்த விரல் இறங்கும்வரை காத்திருந்தே வளர்ந்தவள் அவள்.

இந்தக் கேபிளுக்கு ஒட்டு ஒரு குறையே இல்லை. உட்கார்ந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"சரி, உங்க இஷ்டம். அடுத்த மாசம் முழுசா ஒண்ணு இழுத்துத் தர்றேன்."

"அதான் சரி. மோட்டார் படம்தானே பாக்கப்போறேன், என்ன அவசரம்?"

பத்தொன்பதாம் நாள் காலை, அந்த மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு அம்மாவிடம் கேட்டாள்: "எந்த மோட்டாரோட படம்மா அவருக்கு வேண்டியிருந்தது?"

"படமா? எல்லா மோட்டாரும் அவருக்கு மனப்பாடம்டி. நீ மத்தியானம் சாப்பிடுற நேரத்துல கூப்பிடுவ. தகரத்துக்குள்ள போன் பாதியில அறுந்துபோகும். நீயும் 'கேக்கலப்பா, அப்புறம் பேசுறேன்'னு வெச்சிடுவ. வீடியோவுல உன் முகத்தைப் பாத்துப் பேசணும்னு ஆசை. கேக்கத்தான் வெக்கம்."

"வேலை நேரத்துல யாரு பேசினாலும் அவருக்குப் பிடிக்காதேம்மா?"

"அதுக்குத்தான் எண்ண வேண்டாத வேலையாப் பாத்து மத்தியானத்துக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தாரு. துடைக்கிறது, எண்ணெய் போடுறது..."

ரெண்டு நிமிஷம். அதை அவள் கொடுத்திருந்தால் பதினெட்டு மத்தியானம் அவருக்குக் கிடைத்திருக்கும். எப்படி மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அதே இடத்தில்தான் வந்து நின்றது.

அப்பாவின் போன் அடித்தது. எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மின்சாமான் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன ஒத்தைக்கம்பி சார், செவ்வாக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னீங்க, ஆளையே காணோம்? அம்பது மீட்டர், ஒரே துண்டு, நீங்க கேட்டபடியே வெட்டி வெச்சு ஒரு வாரமாச்சு. மக வர்றதுக்குள்ள நானே இழுத்துடுவேன்னு பெருசா சொன்னீங்களே!"