தொட்ட காய்

லென்ஸ்காரரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ‘பாவம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாவம், நல்ல மனுஷன். பாவம், ஒரு வம்புதும்புக்குப் போகமாட்டார். இத்தனைக்கும் அவருக்குக் கையும் காலும் திடமாகத்தான் இருந்தன, மூன்று வேளையும் சாப்பிட்டார், சொந்த வீட்டில் குடியிருந்தார். யாரையும் எதிர்த்துப் பேசாமல் ஒரு மனிதன் ஐம்பதைத் தாண்டிவிட்டால் ஊர் கூடி அவனுக்குக் கொடுக்கிற பட்டம் அது. திருட்டுப்பயல் என்றாலாவது சட்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். பாவம் என்கிறவனை என்ன செய்ய முடியும்?

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்பக்கம் விளக்கு போட்ட அலமாரிகளும் சிரித்த முகங்களும் இருக்கும். பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறை, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் சாணைச் சக்கரம், எங்கே கை வைத்தாலும் ஒட்டும் வெள்ளைத் தூள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் குப்பைக்குத்தான். அதனால் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்தே தேய்ப்பார், பொருத்திப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். அந்தப் பழக்கம் கையோடு நிற்காமல் ஆளுக்கே ஏறிவிட்டது. முன்பக்கத்துக்கு மேலாளராக வருகிறாயா என்று முதலாளி ஒருமுறை கேட்டார். “யோசிச்சுச் சொல்றேங்க” என்றார் இவர். இவர் யோசித்து முடிப்பதற்குள், இவருக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த ஒருவன் டை கட்டிக்கொண்டு முன்பக்கத்தில் நின்றான்.

சதுரங்கப் பலகையிலும் இதே கதைதான். மனைவியின் தம்பி, கார் விற்கும் கடையில் விற்பனையாளன், ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாப்பிட்ட கை காய்வதற்குள் பலகையை மேசைமேல் விரிப்பான். வெள்ளைக் காய்கள் தன் பக்கம் வருகிற மாதிரி அவனே திருப்பிக்கொள்வான். எத்தனையோ வருடங்களாக அப்படித்தான், யாரும் கேட்டதில்லை. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவான். அதுவும் மாறியதில்லை. லென்ஸ்காரர் தன் கறுப்புக் காய்களையெல்லாம் ராஜாவைச் சுற்றி அடுக்கி, வேலி போட்டு, உள்ளே உட்கார்ந்துகொள்வார். மச்சினன் பல் குத்திக்கொண்டே அந்த வேலியைப் பிரித்துப்போடுவான்.

மூத்த மகள் கல்யாணமாகிப் புதுக் கணவனோடு வந்திருந்த ஒரு ஞாயிறன்று மச்சினனுக்கு வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது.

“மாமாகூட செஸ் ஆடறது சுவரோட ஆடற மாதிரி, மாப்ளே. சுவராவது அப்பப்ப பந்தைத் திருப்பி அடிக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். லென்ஸ்காரரும் வழக்கம்போலச் சேர்ந்து சிரித்தார். ஆனால் மனைவி சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் வந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அது அவரை அறுத்துவிட்டது. மச்சினன் சொன்னது கேலி. அவள் சிரித்தது, இத்தனை நாள் மனதுக்குள் இருந்ததை ஒருத்தன் சரியாகச் சொல்லிவிட்டானே என்கிற சிரிப்பு.

மறுநாள் மதிய இடைவேளையில், சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு, அவர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். தேடியது ஒன்றே ஒன்றுதான்: ராணிச் சிப்பாயைத் தள்ளுகிறவனைக் கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு எப்படி அடிப்பது. கிடைத்தது ஒரு முரட்டு ஆட்டம். வெள்ளை தன் சிப்பாயைத் தள்ளியதுமே, கறுப்பு தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைக் கொண்டுபோய் அதன் வாய்க்குப் பக்கத்தில் வைக்கும். இந்தா, தின்னு. வெள்ளை தின்றதும் கறுப்பு ராணி தன்னந்தனியாகக் கிளம்பி, எதிராளி வீட்டுக்குள்ளேயே புகுந்து, யானைக்கு அடுத்த குதிரையின் முன்னால் நிற்கும் சிப்பாயை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் வெள்ளைக்கு இரண்டு வழி. பதறிப்போய் மந்திரியை வைத்து ராணியை விரட்டப் பார்த்தால் வெள்ளையின் கதை முடிந்தது, அதோடு ராஜாவுக்கு மூச்சு முட்டிவிடும். மந்திரியை விட்டுவிட்டு, அதே கட்டத்துக்குக் குதிரையைக் கொண்டுவந்தால் கறுப்பு தொலைந்தது. வெளியே போன ராணி வீடு திரும்ப வழி தேடியே மீதி ஆட்டம் ஓடிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் யாரும் இதை ஆடமாட்டார்கள். போனில் இருந்த சதுரங்கக் கணக்குப் பொறிகூட, ‘வேண்டாம்’ என்று சிவப்பு நிறத்தில் காட்டியது. லென்ஸ்காரருக்கு அந்தச் சிவப்பே பிடித்துப்போனது. மிச்சம் வைக்காமல் தேய்க்கிற ஆட்டம் இது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

போனில் முகம் தெரியாத ஆட்களோடு ஆடினார். குதிரையைப் பற்றித் தெரிந்தவர்கள் அவரைத் துவைத்துக் காயப்போட்டார்கள். விடவில்லை. ராணி எங்கே மாட்டிக்கொள்கிறது, எதைத் தியாகம் செய்தால் தப்பிக்கும் என்று தோற்றுத் தோற்றே கற்றுக்கொண்டார். ஒருநாள் எவனோ ஒருவன் மந்திரியை நகர்த்தினான். “செத்தடா!” என்று லென்ஸ்காரர் கத்திவிட்டார். யார் செத்தது என்று மேலாளர் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆளே கொஞ்சம் மாறிப்போனார். கடை மூடுகிற நேரத்தில் மேலாளர் ஒரு ஃபிரேமைக் கொண்டுவந்து நீட்ட, “இன்னைக்கு முடியாது. நாளைக்குத் தர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அந்த அறையிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வெளியே போனதே இல்லை. மேலாளர் ஃபிரேமையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று லென்ஸ்காரருக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் மனைவி கவனித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது மேசைவிரிப்பின் கட்டங்களில் அவர் விரல் குதித்துக் குதித்துப் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டு மறந்து நின்றார். கூப்பிட்டால் காதில் விழவில்லை.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்ல. இந்த வாரம் உன் தம்பி வர்றான்ல?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனில் விட்டுப்போயிருந்த பலகையையும் பார்த்தாள். அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை.

அந்த ஞாயிறு மச்சினன் வந்தான், சாப்பிட்டான், பலகையைத் திருப்பினான், ராணிச் சிப்பாயைத் தள்ளினான். லென்ஸ்காரர் தன் சிப்பாயைக் கொண்டுபோய் அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

“என்ன மாமா, ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுட்டு நீங்க போடலையா? சும்மா குடுக்கறீங்க?”

“எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டான். கறுப்பு ராணி கிளம்பியது. ஒவ்வொரு காயும் அவர் பின்னறையில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த இடத்திலேயே வந்து நின்றது. ராணி உள்ளே புகுந்து சிப்பாயை அடித்து உட்கார்ந்தது. முதல்முறையாக மச்சினன் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து பலகையைப் பார்த்தான். சோபாவில் படுத்திருந்த இளைய மகள்கூட எழுந்து வந்து நின்றாள். லென்ஸ்காரருக்கு உள்ளங்கை வேர்த்தது. பயம்தான், ஆனால் இப்படி ஒரு பயம் வேண்டியிருந்தது அவருக்கு.

மச்சினன் நெடுநேரம் யோசித்தான். பிறகு கையை நீட்டிக் குதிரையைத் தூக்கினான்.

கறுப்பைத் தொலைக்கிற அதே குதிரை. அப்போது மச்சினன் நிமிர்ந்து லென்ஸ்காரருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தான். அவரும் திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தம்பியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள். புருஷன் திரும்பியதைப் பார்த்ததும் தட்டை மும்முரமாகத் துடைத்தாள்.

“இல்ல, இதுல என்னமோ வில்லங்கம் இருக்கு” என்று முனகிக்கொண்டே மச்சினன் குதிரையைப் பழைய இடத்தில் வைத்தான். மந்திரியை எடுத்து நகர்த்தினான்.

“அப்பா, இப்ப நீங்க ஜெயிக்கப் போறீங்களா?” என்றாள் மகள்.

ஆமாம், ஜெயிக்க வேண்டியதுதான். தன் மந்திரியை ஒரு நகர்த்து நகர்த்தினால் போதும், மச்சினனுக்கு மீட்சியே இல்லை. பத்தில் ஒன்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தியிருப்பார்கள். தின்னக் கொடுத்ததைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டிருப்பார்கள்.

“தொட்ட காயை ஆடு, மச்சான்” என்றார் லென்ஸ்காரர்.

“என்ன மாமா?”

“குதிரையைத் தொட்டுட்ட. அதைத்தான் ஆடணும்.”

தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். இத்தனை வருடமாக லென்ஸ்காரரின் விரல் எந்தக் காயில் பட்டாலும் மச்சினன் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கழுத்தில் துண்டு போட்டிருக்கிறான்.

“அட விடுங்க மாமா, வீட்டு ஆட்டம்தானே.”

“நீ என்னை ஒரு தடவையாவது விட்டிருக்கியா?”

“குதிரையை வச்சா உங்களுக்குத்தான்...” என்று ஆரம்பித்த மச்சினன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“எனக்குத்தான் என்னன்னு எனக்குத் தெரியும். வை.”

வைத்தான். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு ராணி வழி தேடி அலைந்தது, தெரிந்த தந்திரங்களையெல்லாம் லென்ஸ்காரர் செய்து பார்த்தார், தோற்றார். ராஜா விழும்வரை எழுந்திருக்கவில்லை. ஜெயித்தவன் ஒரு நக்கல்கூட அடிக்காமல், வேலை இருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மகளும் தன் அறைக்குள் போனாள்.

மனைவி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க இப்படிப் பண்றீங்க? ஜெயிச்சிருக்கலாம்ல?”

“நீதான் அவன்கிட்ட சொன்னியா?”

“ஆமா, சொன்னேன். கொஞ்ச நாளா பித்துப் பிடிச்ச மாதிரி திரியறீங்க. பார்க்கவே மனசு கேக்கல. ஒரே ஒரு தடவை விட்டுக்குடுடான்னு சொன்னேன். இதுல என்ன தப்பு?”

“நான் அவனை ஜெயிக்கணும்னு நெனச்சேன். நீ என்னை ஜெயிக்க வைக்கணும்னு நெனச்சிருக்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேங்க?” என்றாள் அவள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவர் காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். அவள் எழுந்து வந்து அவர் தோளைத் தடவினாள்.

“அவனுக்கு நடிக்கவே தெரியல. அடுத்த வாரம் நீங்க கண்டுபிடிக்க முடியாத மாதிரி தோக்கச் சொல்றேன். சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க.”

அன்பாகத்தான் சொன்னாள். அதைவிடக் கொடுமையாக அவளால் எதையும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு மச்சினன் வந்தான். ஆடமாட்டேன் என்றால் அதற்கும் ஒரு பேச்சு வருமே என்று லென்ஸ்காரர் எதிரில் உட்கார்ந்தார். முரட்டு ஆட்டம் எதுவும் இல்லை, எப்போதும்போல வேலி போட்டார். இழுத்துக்கொண்டே போன ஆட்டத்தில் மச்சினன் கறுப்பின் ஓரத்துச் சிப்பாய் ஒன்றைக் கவனிக்காமல் விட்டான். லென்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக முன்னேறினார். கடைசியில் வெள்ளை ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. மகள் கைதட்டினாள். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, “பார்த்தீங்களா, நான் சொல்லல?” என்றாள். மச்சினன் தலையில் கையை வைத்துக்கொண்டு, “எங்க விட்டேன்னே தெரியல மாமா” என்றான்.

லென்ஸ்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.