யானைச் சட்டை திரும்பிய மத்தியானம்

திரையில் யானை அச்சிட்ட சட்டை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முன்பக்கம் தெரியும், அப்படியே உறைந்து நிற்கும், நான் ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகு வெடுக்கென்று தோள்பட்டைக்குத் தாவும், மறுபடி உறையும். முந்தின நாள் வரை அதே சட்டை எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. மவுஸை எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் படம் அதற்குப் பின்னால் தள்ளாடி வந்தது. முதலாளியம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதை அவருடைய பருத்திச் சேலையின் கஞ்சி வாசனையில்தான் தெரிந்துகொண்டேன்.

"என்ன கண்ணு, சிக்கிச் சிக்கி வருது?"

"காலைல இருந்து இப்படித்தான் இருக்குக்கா. பாத்துட்டுச் சொல்லுதேன்."

"பாரு. மத்தியானச் சோறு உண்டுட்டு ஏஜென்ட்டு வந்துருவாரு."

அவ்வளவுதான் சொன்னார். போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்தில் சிறுதொழில் பேட்டைக்குள் இருந்தது எங்கள் கம்பெனி. குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகள் தைத்து ஏற்றுமதி செய்தார்கள். கீழே கட்டிங், தையல்; மாடியில் ஆபீஸ். அந்த ஆபீஸின் மூலையில் ஒரு சின்ன டிசைன் அறை, அதில் நான். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தது. அப்பா வேறொரு கம்பெனியில் டெய்லர். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்த எனக்கு அங்கே இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வதும், துணியில் அச்சடிக்கும் படங்களை வரைவதும் வேலை. கம்பெனியை நடத்திவந்த முதலாளி மாரடைப்பில் போன பிறகு, அவருடைய மனைவி பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவரைத்தான் முதலாளியம்மா என்கிறேன். அவருடைய கணவரின் தம்பிக்கும் கம்பெனியில் பங்கு உண்டு. தையல் பிரிவு முழுக்க அவர் கையில். அண்ணி வீட்டில் இருந்துகொண்டு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்பது அவர் எண்ணம். அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்த நாட்களில் திருப்பூரில் பாதிக் கம்ப்யூட்டர்கள் உரிமமில்லாத காப்பி டிஸ்கில்தான் ஓடின. எங்களுடையதும் அப்படித்தான். துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் சாயக் கழிவு, தொழிலாளி வயது என்று கேட்டுக்கொண்டிருந்ததோடு, மென்பொருளுக்கு உரிமம் உண்டா என்றும் கேட்கத் தொடங்கினார்கள். எல்லா கம்ப்யூட்டருக்கும் உரிமம் வாங்க வழியில்லை. "காசில்லாம, களவும் இல்லாம ஏதாச்சும் இருக்குதா கண்ணு?" என்று முதலாளியம்மா கேட்டார். இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸ் இருக்கிறது என்றேன். ஒவ்வொரு கம்ப்யூட்டராக மாற்றினோம். கணக்குப் பிரிவில் முணுமுணுத்தார்கள். கொழுந்தனார் சிரித்தார். ஆனால் சட்டையைத் திரையில் முப்பரிமாணமாகச் சுற்றிக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை அதில் நான் ஓட்டிக் காட்டியபோது, அவரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். ஒவ்வொரு நிறத்திலும் சட்டை தைத்துக் காட்டத் தேவையில்லை. யானையின் நிறத்தைத் திரையிலேயே மாற்றலாம். அதற்காகவே கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் பொருத்தினோம். படம் வரையும் பாரத்தைக் கம்ப்யூட்டரின் மூளையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் தனிப் பலகை அது.

அன்றைக்கு வரப்போகிறவர் சென்னையிலிருந்து வரும் ஏஜென்ட். வெளிநாட்டுக் கடைகளுக்காக ஆர்டர் கொடுப்பவர். ஒரே நாளில் பல கம்பெனிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நாங்கள் கொடுத்திருந்த மாதிரித் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்து சேரவில்லை. காட்டுவதற்குத் திரையில் இருக்கும் சட்டை ஒன்றுதான் மிச்சம். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் தையல் பிரிவில் ஒரு லைனை, ஒரு தையல் வரிசையையே, நிறுத்திவிட்டு, கம்பெனியை அண்ணியிடமிருந்து தான் எடுத்துக்கொள்வதாகக் கொழுந்தனார் சொந்தக்காரர்கள் மத்தியில் பேசியிருந்தார். எனக்கே அது தெரிந்திருந்தது என்றால் முதலாளியம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா.

கருப்புத் திரையைத் திறந்து கட்டளை ஒன்றைத் தட்டினேன். கார்டு நேரடியாகப் படம் வரைகிறதா என்று அது சொல்லும். 'நோ' என்று வந்தது.

"கார்டு சும்மா உக்காந்திருக்குக்கா. எல்லா வேலையும் கம்ப்யூட்டரே செய்யுது. அதான் திணறுது."

"ஏன் சும்மா உக்காந்திருக்குது?"

"தானா ஏதோ அப்டேட் ஆயிருக்கும்னு நெனைக்கேன்..."

"கண்ணு, தெரிஞ்சது எது, நெனைக்கறது எது? ரெண்டையும் பிரிச்சுச் சொல்லு."

அதட்டல் இல்லை அது. ஆனாலும் என் வாய் அடங்கியது, கை நிதானப்பட்டது. பதிவுகளை வரிவரியாகப் பார்த்தேன். லினக்ஸின் அடிப்படைப் பகுதியான கெர்னல் சில நாட்களுக்கு முன்பே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் அணைந்து, காலையில் புதிய கெர்னலோடு எழுந்திருக்கிறது. கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளோ பழைய கெர்னலுக்காகக் கட்டப்பட்டது. இரண்டும் ஒட்டவில்லை. இதைத் தெரிந்ததாகவே சொன்னேன். முதலாளியம்மா தலையசைத்தார்.

டிரைவரைப் புதிய கெர்னலுக்காக மறுபடி கட்டப் பார்த்தேன். அதற்கு வேண்டிய கோப்புகள் இல்லை என்று சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கினால், பாதிக்கு வந்து அறுந்தது. மறுபடி. மறுபடியும் அறுந்தது. கீழே சாப்பாட்டு மணி அடித்து, தையல் இயந்திரங்கள் ஓய்ந்தன. அந்த அமைதியில் என் விசைப்பலகைச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கழுத்து வியர்த்து, கையில் பிடித்திருந்த மவுஸ் வழுக்கியது.

அப்போதுதான் கொழுந்தனார் உள்ளே வந்தார். கையில் ஒரு டிஸ்க்.

"ஏனுங்கண்ணி, சும்மா வந்த சாமான் இப்படித்தானுங்க காலை வாரும். இந்தா, பழைய காப்பி டிஸ்க்கு. அவரு வர்றதுக்குள்ள போட்டுப்போடலாம். ஆருக்குத் தெரியப் போகுது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த டிஸ்கைப் போட்டால் வேலை நடக்கும் என்று எனக்கும் தெரியும். முதலாளியம்மா முக்காலியிலிருந்து எழவில்லை.

"வேண்டாமுங்க தம்பி. எங்ககிட்ட களவுச் சாமான் இல்லைன்னு அவருகிட்ட நான் என்ற வாயால சொல்லியிருக்கறேன்."

"இந்தப் புள்ளையால முடியலீனா?"

"முடியலீனா முடியலீன்னு சொல்லீர்லாமுங்க."

"சொல்லீட்டு? ஆர்டர் போச்சுன்னா லைனை ஆரு ஓட்டறது?"

கொழுந்தனார் டிஸ்கை என் மேசைமேல், என் கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

அந்த டிஸ்கைப் பார்க்காமல் இருக்க முயன்ற வேகத்தில்தான் அது உறைத்தது: பழைய கெர்னலை நான் அழிக்கவில்லையே. புதியது வந்தாலும் பழையது அங்கேயே இருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது பட்டியலில் அதைத் தேர்ந்தால் போதும். அணைத்து ஏற்றினேன். பழையதைத் தேர்ந்தேன். கட்டளையைத் தட்டினேன். 'எஸ்' என்றது. சட்டையைத் திறந்தேன். யானை வழுக்கிக்கொண்டு திரும்பியது, முதுகு, தோள், மறுபடி முகம். "வந்துருச்சுக்கா!" என்று கத்தியேவிட்டேன்.

முதலாளியம்மா சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் யானை நின்றது. தாவியது. நின்றது.

கட்டளையை மறுபடி தட்டினேன். இப்போதும் 'எஸ்' என்றே சொன்னது. கார்டு வேலை செய்கிறது, படம் திணறுகிறது. எனக்குத் தெரிந்த பாடத்தில் இதற்கு விடை இல்லை. கீழே வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் சத்தமும், கார் ஒன்று உள்ளே வரும் சத்தமும் கேட்டன.

"நீ பாரு கண்ணு. நான் அவருக்கு எளநி குடுத்துப் பேசிட்டிருக்கறேன்" என்று முதலாளியம்மா எழுந்து போனார். நடையில் அவசரம் இல்லை. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஜெபித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி ஏற்றினேன். யானை அழகாகத் திரும்பியது. கொஞ்ச நேரம்தான். பிறகு திணறியது.

ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது, ஓடினால் சோர்கிறது. கை தானாக மேசைக்கு அடியில் போய்ப் பெட்டியைத் தொட்டது. அடுப்பு மேல் வைத்த சட்டி மாதிரி சுட்டது. திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தேன். கார்டின் மேல் இருக்கவேண்டிய குட்டி விசிறியைக் காணவில்லை. அந்த இடத்தில் கம்பளி வில்லை போல ஒன்று இருந்தது. கட்டிங் பிரிவிலிருந்து படியேறி வந்த துணிப் பஞ்சு, அந்த சீசனில் நாங்கள் வெட்டிய அத்தனை நிறங்களிலும், விசிறியைச் சுற்றி இறுகிப் போயிருந்தது. சூடு ஏறினால் கருகிவிடாமல் இருக்க அந்தக் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. காலையில் நான் கண்ட கோளாறு உண்மைதான். அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது.

பஞ்சைப் பிய்த்து எடுத்தேன். விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை, அச்சு இறுகிவிட்டது. மாற்று விசிறி வாங்கக் கோயமுத்தூர் போகவேண்டும். படியில் பேச்சுக் குரல் ஏறி வந்துகொண்டிருந்தது. நான் கொழுந்தனாரை நிமிர்ந்து பார்த்தேன். எதற்காகப் பார்த்தேன் என்று தெரியாது.

"காத்துதானே வேணும்?" என்றார். வெளியே போனவர், துணி சரிபார்க்கும் செக்கிங் மேசையில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, திறந்த பெட்டிக்கு நேராக வைத்து முழு வேகத்தில் போட்டார். என் முகத்தில் இருந்த கேள்வியைப் படித்திருக்க வேண்டும். "ஆர்டர் போனா எனக்குந்தான் போகுது" என்றார் எரிச்சலாக.

ஏஜென்ட் உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, "பெட்டி ஏன் திறந்து கிடக்கு?" என்றுதான். முதலாளியம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும். என்னைப் பார்த்தார். "பஞ்சு அடைச்சு விசிறி நின்னு போச்சு சார். வெளிக் காத்துல ஓட்டுதோம்" என்றேன். "அப்படித்தானுங்க" என்றார் முதலாளியம்மா, வெகு நாளாகத் தெரிந்தவர் போல. ஏஜென்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

யானை திரும்பியது. காது, தும்பிக்கை, முதுகுப் பக்கத்துக் குட்டி யானைகள். ஏஜென்ட் யானையை ஆரஞ்சு ஆக்கச் சொன்னார், ஆக்கினேன். கழுத்துப் பட்டையைப் பச்சையாக்கச் சொன்னார். கையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் கரண்ட் போனது.

கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸில் இருந்ததால் அணையவில்லை. டேபிள் ஃபேன்தான் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஜெனரேட்டர் ஆள் கீழே ஓடுவது கேட்டது. அது பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யானை ஒருமுறை தயங்கியது. அப்போது என் காலுக்குப் பக்கத்தில் சட்டென்று காற்று வந்தது. கொழுந்தனார், அந்தக் கம்பெனியின் பங்குதாரர், வெள்ளை வேட்டி தரையில் புரள மண்டியிட்டு, சட்டை வெட்டும் பேட்டர்ன் அட்டை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துப் பெட்டிக்குள் வீசிக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏஜென்ட் குனிந்து அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "பின்பக்கம் காட்டுங்க" என்றார். காட்டினேன். யானை நிற்காமல் திரும்பியது. ஜெனரேட்டர் உறுமிப் பிடிக்கும் வரை அந்த அட்டை ஓயவில்லை.

நாங்கள் எதிர்பார்த்ததில் பாதி ஆர்டர்தான் கிடைத்தது. லைன் நிற்கவில்லை, அது போதும். கொழுந்தனார் மாறிவிட்டார் என்று சொல்ல ஆசைதான். மாறவில்லை. கொஞ்ச காலத்தில் பங்கு பிரித்துக்கொண்டு போனார். முதலாளியம்மா சின்னதாகத் தனியே நடத்தினார். நான் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்து, இப்போது குளிரூட்டிய அறைகளில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது முடங்கி, என் நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் கூடிவிட்டால், தெரிந்ததையும் நினைப்பதையும் முதலில் பிரித்துக்கொள்கிறேன். அப்போதெல்லாம் என் கை நிதானமாக இருப்பதாக உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

ஏஜென்டின் கார் போன பிறகு, அன்று சாயங்காலம், கையெழுத்து ஒன்று வாங்க முதலாளியம்மாவின் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. காலையில் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் மூடியைத் திருக முடியவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து அழுத்தினார்; இரண்டும் சேர்ந்து நடுங்கின. நான் உள்ளே போய் டப்பாவை வாங்கித் திறந்து முன்னால் வைத்தேன்.

"காலம்பறப் புடிச்சு இப்படித்தான் கண்ணு" என்றார். "சேலைக்குள்ள மறைச்சு வெச்சிருந்தேன். நீ பாத்தியா?"

"இல்லக்கா. பாக்கல."

"தம்பி பாத்திருப்பாரா?"

"யாருமே பாக்கலக்கா."

"அப்பச் சரி" என்றார். நடுங்கும் கையாலேயே ஆறிப்போன சோற்றைப் பிசைந்து, முதல் வாயை எடுத்து என்னிடம் நீட்டினார்.