காகிதச் சுருள் காட்டிய கணக்கு

"செருப்புக்கடையில நிக்கிறவன் புத்தி தரைய விட்டு மேல வராது" என்று அக்கா புருஷன் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லி ஆறு வருஷமாகிறது. கடைக்காரன் அதை மறக்கவில்லை.

அன்று அவன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சேமிப்பைத் துணிமணி, செருப்பு விற்கிற பெரிய கம்பெனிகளின் பங்கில் போடலாம் என்றான். அவன் அறிந்த தொழில் அது. அக்கா புருஷனான மாமா கடை கடையாகப் போய் கார்டு மெஷின் மாட்டுகிறவர். எந்தக் கடை பிழைத்தாலும் படுத்தாலும், கார்டைத் தேய்த்தால் மெஷின் கம்பெனிக்கு ஒரு துளி போய்ச்சேரும், வாங்கினால் அதன் பங்கைத்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. வீம்புக்கு இவன் எதையுமே வாங்கவில்லை. பணம் பாங்கிலேயே தூங்கியது.

மாமா பேப்பர் படித்துப் பங்கு வாங்குகிறவரல்ல. சீட்டு அடிக்க மெஷினுக்குள் போடும் காகிதச் சுருள்தான் அவருக்கு அளவுகோல். கடைகளில் சுருள் அதிகம் கேட்டால் வியாபாரம் ஓடுகிறது என்று அர்த்தம். உடனே வாங்குவார். ஐந்து வருஷம் அது பொய்க்கவில்லை. ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

போன வருஷம், மாதம் ஒரு பெட்டி சுருள் போன கடைகளில் இரண்டு பெட்டி போயிற்று.

"ஊரே செலவு பண்ணுது மச்சான்" என்று கல்லாவில் சாய்ந்துகொண்டு சொன்னார். அக்காவின் நகைகளை அவளுக்குத் தெரியாமல் விற்று இன்னும் வாங்கப்போவதாகவும் சொன்னார்.

இவனுக்கு விஷயம் தெரியும். கல்லாவுக்கு அடியில் கூடை நிறைய மெஷின் துப்பிய சீட்டு கிடந்தது. வருகிறவர்கள் ஒரு கார்டைத் தேய்ப்பார்கள். பணம் இல்லை என்று சீட்டு வரும். இன்னொரு கார்டு, இன்னொரு சீட்டு. அப்புறம் பிள்ளையின் காலிலிருந்து புதுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்கள். நடக்காத வியாபாரத்துக்கும் மெஷின் காகிதம் துப்பும். கம்பெனிக்கு அதில் ஒரு காசு வராது. மெஷின் மாட்டுகிறவருக்கு இது தெரியாததல்ல, நினைத்துத்தான் பார்க்கவில்லை.

சொல்ல வாய்வரை வந்தது. பழைய பேச்சும் கூடவே வந்தது. "உங்களுக்குத் தெரியாததா மாமா" என்று சொல்லிவிட்டு, ஏணியில் ஏறிப் பெட்டி அடுக்கப் போய்விட்டான்.

நகை விற்று வாங்கிய பங்கு நாலு மாதத்தில் கால் விலைக்கு இறங்கியது. மாமா யாரோ ஒருவர் கடையில் மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆஸ்பத்திரியில், அக்கா மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் இவன் கூடை விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மாமா."

அவர் திட்டவில்லை. அப்புறம் ஒன்று கேட்டார். அவர் இவனிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"நகை போன விஷயத்த அக்காகிட்ட நீ சொல்லிடு. எனக்கு வாய் வரல. நாளைக்குன்னு தள்ளாத. மேல வந்ததும் சொல்லு. என் காதுல விழுற மாதிரியே திட்டட்டும்."