தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ரெட்டைத் தையல்’ என்று பெயர். ஒரு தையல் ஓட்டு போதும் என்கிற இடத்தில் இரண்டு ஓட்டு ஓட்டுவாள். “எங்க அக்கா தைச்ச பொத்தானைப் பிய்க்கணும்னா சட்டையைத்தான் கிழிக்கணும்” என்று பஸ் ஓட்டும் அவளுடைய தம்பி சொல்லிச் சிரிப்பான். கணவன் இறந்து பல வருஷமாயிற்று. பிள்ளை இல்லை. மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு தையல் மெஷின். பேச்சையும் துணி மாதிரி அளந்துதான் வெட்டுவாள்.

தம்பி மனைவி மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஐந்து வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். வந்து பத்து நாள் போல இருக்கும். பெண்ணின் வயிற்றில் கொசு கடித்த மாதிரி நாலைந்து தடிப்பு. மறுநாள் அவற்றில் நீர் கோத்துக்கொண்டது. எங்கே ஒட்டிக்கொண்டதோ, பையனுக்கும் கூடவே கண்டது.

“சின்னம்மை. உங்களுக்கு வந்திருக்கா?” என்று கேட்டாள் டாக்டரம்மா. அத்தை தன் புருவத்துக்கு மேலே இருந்த பழைய குழியைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்ப உங்களுக்குப் பயமில்ல. ஆனா இவங்க அம்மாவுக்கு வந்ததே இல்லன்னு ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தப் பரிசோதனையில தெரியுது. இந்த மாசத்துல வந்தா நுரையீரல்ல இறங்கிடும். ரெண்டு உயிருக்கும் ஆபத்து. எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் அவங்களை உள்ள விடாதீங்க. அழுதாலும் விடாதீங்க.”

அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நகங்களை ஒட்ட வெட்டினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். ஒவ்வொரு கொப்புளத்தின் மேலும் லோஷனைத் தொட்டு வைத்தாள். பெண்ணுக்கு இதில் ஒரு பெருமை. “எனக்கு மூக்கு மேலகூட இருக்கு அத்தை. இவனுக்கு இல்ல” என்றாள். பையனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. தூக்கத்தில் பறண்டி எடுத்தான்.

பழைய படுக்கை விரிப்பை வெட்டி, அவன் சட்டையின் கைகளை நீட்டி, நுனியை மூடித் தைத்துவிட்டாள். வழக்கம்போல் இரண்டு ஓட்டு. வெளியே பார்த்தால் கடையில் வாங்கியது மாதிரி அழகாக இருந்தது. இனி நகம் படாது என்று அவளுக்கு நிம்மதி.

சட்டை தைக்கிறவர்களுக்கு வெளிப்பக்கம்தான் கண்ணில் நிற்கும். மடிப்பு, முரட்டு ஓரம், நூல் முடிச்சு எல்லாம் உள்ளே போய்விடும். பையன் கையை உதறி உதறி, அந்த ஓரமே அவன் மணிக்கட்டை அரம் போல ராவிவிட்டது. துணி சதையில் ஒட்டிக்கொண்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மணிக்கட்டு சிவந்து, சீழ் கட்டி, அடங்கியிருந்த காய்ச்சல் திரும்ப ஏறியது. டாக்டரம்மா வந்து பார்த்து மருந்து எழுதினாள். சிவப்பு முழங்கைப் பக்கம் ஏறினால் உடனே கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி மனைவி அப்போது வீடு திரும்பியிருந்தாள். போனில் பையனின் அழுகையைக் கேட்டவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் கணவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

“அண்ணி, திறங்க.”

“மேல ஏன் ஏறி வந்தே? கீழ போ.”

“அவன் ஏன் இப்படி அழறான்?”

பொய் சொல்லியிருக்கலாம். “என் தப்புதான். நான் தைச்ச உறை அவன் கையை அறுத்துடுச்சு. சீழ் வச்சிருக்கு. மருந்து குடுத்திருக்கேன்.”



“நீங்க ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கதவைத் திறங்க.”

அம்மாவின் குரல் கேட்டு, பையன் கதவை நோக்கிக் கைகளை நீட்டிக் கதறினான். பெண் ஓடிவந்து தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அத்தை பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்ததுதான். அதைப் பிடுங்க இதுவா நேரம்?

“நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா திறக்க மாட்டேன். வயித்துல இருக்கறதையும் சேர்த்துத்தான் எங்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. கீழ போய் நில்லு, ஜன்னல்ல காட்டறேன். போன்ல பேசு.”

கதவில் ஒரு முறை கை அறைந்தது. அப்புறம், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கும் கனத்த காலடிச் சத்தம்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பையனைத் தூக்கிப் பிடித்தாள். தெருவில், எதிர்க் கடையின் நிழலில், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு தம்பி மனைவி அண்ணாந்து நின்றாள். போன் அடித்தது.

“கையைக் காட்டுங்க.”

காட்டினாள்.

“சிவப்பு எதுவரைக்கும்?”

“மணிக்கட்டோட நிக்குது. காலையிலேர்ந்து ஏறல.”

“வாய்க்குள்ள?”

“ரெண்டு இருந்துச்சு. ஆறிடுச்சு.”

“காதுக்குப் பின்னால பார்த்தீங்களா? வேர்த்தா அங்கதான் அவனுக்குப் புண்ணாகும்.”

அவள் பார்த்திருக்கவில்லை. காது மடலை விலக்கினாள். மடிப்புக்குள் ஒன்று, ஈரத்தோடு உடைந்திருந்தது.

“இருக்கும்மா. ஒண்ணு இருக்கு.”

“தேய்க்காதீங்க. ஒத்தி எடுங்க. ஊதிக்கிட்டே ஒத்துங்க, அப்பதான் அழமாட்டான்.”

அவள் துணியை நனைத்து வந்து, போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மெல்ல ஊதினாள். பையன் விசும்பலை நிறுத்திக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தான். மறுமுனையில் அவன் அம்மாவும் ஊதுவது கேட்டது.