சுப்பன் என்று எழுதிய கல்

2009 ஆகஸ்ட், ஒரு ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குப் பேர்லின் நொய்கெல்னிலிருந்து ரவி அண்ணையின் பழைய காரில் புறப்பட்டோம். தெற்கே நாற்பது கிலோமீட்டரில் வுன்ஸ்டார்ஃப். அதனருகே காட்டுக்குள், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ்காரனுக்காகப் போய் ஜெர்மனியில் கைதாகி இறந்த இந்தியர்களைப் புதைத்திருக்கிறார்கள்.

என் அம்மாவின் தாத்தா முத்தையாவைத் தேடித்தான் ஜெர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள ஆஹென் நகரிலிருந்து வந்தேன். சென்னையில் வெள்ளைக்காரர் ஆலையில் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார் என்று துரத்திவிட்டார்கள். வயிறு சும்மா இருக்குமா? பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடப் போனார். போர் மூண்டபோது கப்பல் ஹாம்பர்க்கில் நின்றது, ஜெர்மன்காரர்கள் ஆட்களைப் பிடித்துச் சிறைவைத்தார்கள், அவ்வளவுதான். செத்த தேதி தெரியாததால் வீட்டில் அவருக்குத் திவசமே கொடுத்ததில்லை. அந்தத் தேதி அம்மாவுக்கு வேண்டும்.

பேர்லினில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் ரவி அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறார். அங்கே போர் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கடைசி நாட்களில் சரணடைந்த தம்பி சிவாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார்.

பத்து மணிக்குச் சேர்ந்தோம். பைன் மரங்களுக்கு நடுவே வரிசையாக வெள்ளைக் கற்கள், எங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. பதினொன்றரை வரை ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். முத்தையா இல்லை. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"அவரின்ர அப்பாவின்ர பேர் என்ன தம்பி?" என்றார் அண்ணை.

"சுப்பன்."

"அந்தப் பேரில பாருங்கோ. எனக்கும் இங்க கடிதமெல்லாம் ஹெர் கந்தையா, மிஸ்டர் கந்தையா எண்டுதான் வரும். கந்தையா என்ர அப்பா. அவர் செத்துப் பன்னிரண்டு வருசம்."

கடைசி வரிசையில் இருந்தது: சுப்பன், கப்பல் தொழிலாளி, 1917 மார்ச் 14. கீழே பொறித்திருந்த கப்பல் பெயரும் அம்மா சொல்லியிருந்ததேதான். எந்தக் குமாஸ்தாவோ பெயர் கேட்டபோது, முத்தையா நம் வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் வைத்துச் சுப்பன் முத்தையா என்று சொல்லியிருக்கிறார். அவன் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டான்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் பேசினேன்.

"சுப்பனா? அவர் ஊர்லயே செத்தவராச்சேடா. அப்போ தாத்தா பேரு எங்கயுமே இல்லியா?" என்றாள். தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பினால் அண்ணை புல்லில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, சிவாவைத் தேடச் சொல்லி, காணாமப்போன ஆக்களைத் தேடுற ஆபீசில நானெல்லோ ஃபார்ம் நிரப்பிக் குடுத்தனான். குடும்பப் பேர் எண்ட இடத்தில கந்தையா எண்டு பெரிசா எழுதினனான். இங்கத்தைப் பழக்கத்தில. அங்க அவனை ஆரும் அந்தப் பேரில எழுதியிருக்கமாட்டாங்கள்."

"நாளைக்கே திருத்திடலாம் அண்ணை."

"ஓம், திருத்தலாம்." கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூண்டு மாசமா அவங்கள் எங்கட செத்துப்போன அப்பாவையெல்லோ தேடியிருக்கிறாங்கள்."